புது விண்டோஸ் போடப் போய் நடுவில் நின்றால்

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு லேப்டாப்பாக இருந்தாலும் "தம்பி, இதுக்குக் கொஞ்சம் ஓ.எஸ். போட்டுக் குடு" என்று என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பாதிப் பேர் தாங்களே ஆரம்பித்துப் பாதியில் நின்றவர்கள். எல்லாரிடமும் சுற்றிச் சுற்றிப் பத்துக் கோளாறுதான். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலிலும் பர்ஸைக் கடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன. "எல்லாம் டி டிரைவில இருக்கு" என்று அடித்துச் சொல்பவரின் டெஸ்க்டாப்பில்தான் மகளின் மார்க் ஷீட் ஸ்கேன் கிடக்கும். அதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, நாலு கோப்பைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். ஏன் என்பது கடைசித் தலைப்பில் இருக்கிறது. வைஃபை டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் கணினி என்றால் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். மழை நாளில் பெஸ்காமை (பெங்களூர் மின்வாரியம்) நம்பிப் பயாஸ் (விண்டோஸுக்கும் முன்னால் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தவர் ஒருவர் எனக்குத் தெரியும். அவருக்கு மதர்போர்டே போயிற்று.

## பென் டிரைவைச் செருகியும் பழைய விண்டோஸே வருகிறது

பென் டிரைவுக்குள் ஐ.எஸ்.ஓ. கோப்பு (விண்டோஸ் முழுவதையும் ஒன்றாகக் கட்டி வைத்த கோப்பு) அப்படியே கிடக்கிறதா? பத்தில் நாலு பேர் இறக்கிய கோப்பை இழுத்துப் போட்டுவிட்டு "பூட் ஆகலையே" என்பார்கள். அதிலிருந்து கணினி பூட் ஆகாது, அதாவது எழாது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ் என்ற இலவசக் கருவி கொண்டு பென் டிரைவைத் தயாரிக்க வேண்டும். 8 ஜி.பி.யாவது இருக்க வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

சரியான விசையை அழுத்துகிறீர்களா? டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பூட் மெனுவுக்குப் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய், எஃப்12 பூட் மெனு என்ற வரியை இயக்க வேண்டும். பல மாடல்களில் அது அணைந்தே வருகிறது. சில லெனோவோக்களின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது அதில் குத்தினால் மெனு வரும்.

அணைத்தது நிஜமாகவே அணைந்ததா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் விண்டோஸ் 10 முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கம்தான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். நான் ரீஸ்டார்ட்தான் கொடுப்பேன், அதில் இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் சரி, மெனுவில் பென் டிரைவின் பெயரே காணோம் என்றால் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். அப்புறம் வேறு பென் டிரைவ். இதற்குக் கடைக்காரரைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

## "இந்தப் பி.சி.யில் விண்டோஸ் 11 ஓடாது" என்கிறது

டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பயாஸ் வசதி), 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், போதிய அளவு புதிய பிராசஸர், இவ்வளவும் கேட்கும். இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ரைசனில் 2000 வரிசை முதல் என்பது மேலோட்டமான கணக்கு.

முதலில் டி.பி.எம். அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பிய டெஸ்க்டாப் என்னிடம் வந்தது. பயாஸில் ஒரு வரியை மாற்றியதோடு வேலை முடிந்தது. இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். டி.பி.எம். என்றே தேடினால் சில போர்டுகளில் கிடைக்காது. செக்யூரிட்டி பக்கத்திலும் அட்வான்ஸ்டு பக்கத்திலும் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

அடுத்தது பூட் முறை. பயாஸில் பழைய முறையான லெகசி அல்லது சி.எஸ்.எம். என்று இருந்தால் புதிய முறையான யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதனால் கோப்புகளை எடுத்த பிறகே இதில் கை வையுங்கள்.

மாற்றியதும் திரை கறுப்பாகிவிட்டது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு யு.இ.எஃப்.ஐ. அறியாதது. கணினி ஓடும், படம் மட்டும் வராது. மானிட்டர் கேபிளைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டில் செருகிப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பெரும்பாலும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மாற்றிய செட்டிங் நிற்கவே மாட்டேன் என்கிறது, தேதியும் எங்கோ போய்விட்டது. அதே பேட்டரி தீர்ந்துவிட்டது. தெருமுனைக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டி.பி.எம்.மைத் தொட்டதும் விழித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாதனங்கள் பக்கத்தில் பாருங்கள், பெரும்பாலும் மீட்புச் சாவி அங்கே இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலக ஐ.டி. ஆட்களிடம்தான் இருக்கும், அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். சாவி எங்குமே இல்லை என்றால் அந்தக் கோப்புகளை எந்தக் கடையும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பிராசஸரே பழசு என்றால்? ரூஃபஸில் சோதனையைத் தாண்டிப் போட ஒரு வழி இருக்கிறது. என் சொந்தக் கணினியில் செய்வேன், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்து தர மாட்டேன். அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. வங்கி வேலையும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கும் கணினியில் எதற்கு வம்பு? விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டம் வீட்டுப் பயனாளிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. பிரவுசரும் யூடியூபும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். போட்டுத் தந்துவிடுகிறேன். இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

## டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது

லேப்டாப்பில் நேற்று வரை விண்டோஸ் ஓடியது, இன்று நிறுவும் திரையில் ஒரு டிஸ்கும் இல்லை. பலர் இதைப் பார்த்ததும் எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பொறுங்கள்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற ஒரு அமைப்பு டிஸ்குக்கும் விண்டோஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அதன் டிரைவர் நிறுவும் பென் டிரைவில் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்துப் பென் டிரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே லோட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். இறக்கிய கோப்பை விரிக்காமல் அப்படியே வைத்தால் அதற்குத் தெரியாது. டிரைவரே கிடைக்கவில்லை என்றால் பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடலாம். ஆனால் பழைய விண்டோஸ் அதற்குப் பிறகு எழாது.

டெஸ்க்டாப் என்றால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பயாஸிலேயே டிஸ்கின் பெயர் இல்லையா? அப்போதுதான் டிஸ்க் மேல் சந்தேகப்பட வேண்டும். கோப்புகளை வெளியே எடுத்து வைத்திருந்தால் புது எஸ்.எஸ்.டி. வாங்கிவிடலாம். எடுத்து வைக்கவில்லை என்றால் அதற்குமேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அடுத்ததற்கு அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

## டிஸ்க் தெரிகிறது, நெக்ஸ்ட் அழுத்த முடியவில்லை

கீழே பொடி எழுத்தில் எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று ஏதோ எழுதியிருக்கும். டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது, நீங்கள் பூட் செய்து வந்திருப்பது ஜி.பி.டி. கேட்கும் புதிய முறையில். அந்த டிஸ்கில் உங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் அதிலுள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் (சி, டி போன்ற பிரிவுகளை) ஒவ்வொன்றாக டெலிட் செய்யுங்கள். ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி மிஞ்சும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்தால் மீதியை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

அதே டிஸ்கின் டி டிரைவில் கோப்புகள் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அழிக்காமல் மாற்ற விண்டோஸ் 10-லேயே எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி இருக்கிறது. ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும், எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (பல டிரைவ்களை உள்ளே அடக்கிய ஒரு பிரிவு) இருந்தாலும் அது மறுத்துவிடும். நம் ஊர்க் கடைகளில் டி, இ, எஃப் என்று வெட்டிக் கொடுத்த டிஸ்க்குகள் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட்தான். ஆக, கோப்புகளை வெளியே எடுப்பதே வழி.

இரண்டு டிஸ்க் உள்ள டெஸ்க்டாப்பா? கோப்புகள் இருக்கும் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓ.எஸ். போடுங்கள். எது டிஸ்க் 0, எது டிஸ்க் 1 என்று ஊகிக்கும் வேலையே இருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. கேபிளோடு விட்டால் பூட் பகுதி சில நேரம் பழைய டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றுவீர்கள், அன்றைக்குப் புது விண்டோஸ் எழாது.

## தப்பான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன்

முதலில் ஒரு ஆறுதல். புதிய பதிப்பின் ஆரம்பத் திரையில் "கோப்புகள், செயலிகள் எல்லாம் அழியும், சம்மதம்" என்று ஒரு டிக் கேட்கும். அதைப் போட்டதுமே எல்லாம் போய்விட்டது என்று பதறி ஓர் அக்கா இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். அந்த டிக்கால் எதுவும் அழியாது. டிஸ்க் திரையில் நீங்கள் செய்வதுதான் கணக்கு.

அங்கே நிஜமாகவே அழித்துவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அப்படியே அணைத்துவிடுங்கள். நெக்ஸ்ட் கொடுக்காதீர்கள். "மறுபடி அதே அளவில் பார்ட்டிஷன் போட்டால் திரும்பி வருமா" என்று சோதிக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் என்றால், அதன் மேல் எதுவும் எழுதப்படாத வரை, மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்றால் அழித்த இடத்தை அதுவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும், அதனால் மின்சாரம் பாயப் பாய வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பார்ட்டிஷனை அழிக்காமல், ஃபார்மேட்டும் செய்யாமல், பழைய விண்டோஸ் மேலேயே போட்டிருந்தால் பயம் வேண்டாம். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் டெஸ்க்டாப் அப்படியே கிடக்கும். சுமார் 10 நாளில் விண்டோஸே அதைத் துடைத்துவிடும் என்பதால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மற்றபடி, இங்கே நிபுணரைக் கூப்பிட வேண்டும். கோப்பு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் போங்கள், ஓ.எஸ். போடுபவரிடம் போகாதீர்கள். பெங்களூரின் கணினிக் கடைத் தெருவான எஸ்.பி. ரோட்டில் இருவருமே இருக்கிறார்கள், பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள். கவுண்டரில் லேப்டாப்பை வைத்ததும் முதல் வாக்கியமே "டேட்டா பேக்கு, ஃபார்மேட் மாடபேடி" (கன்னடத்தில்: டேட்டா வேண்டும், ஃபார்மேட் செய்யாதீர்கள்) என்று இருக்கட்டும். அதைச் சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் பையன் ஃபார்மேட் அடித்துவிடுவான். மீட்க முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம் என்பதையும் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## பாதியில் நிற்கிறது அல்லது ஏதோ கோப்பு இல்லை என்கிறது

ஒரே சதவீதத்தில் இருபது நிமிடம் நிற்பது சகஜம், பழைய ஹார்டு டிஸ்கில் இன்னும் அதிகம். ஒரு மணி நேரம் தாண்டினால்தான் கவலை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம் மேல் சந்தேகம், ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவ் அல்லது டிஸ்க். இது என் அனுபவக் கணக்கு, நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன்.

பென் டிரைவை வேறொரு கணினியில் புதிதாகத் தயாரித்து, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். "மீடியா டிரைவர் இல்லை" என்று வரும் பிழையும் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ரேமைக் கழற்றி, பொன்னிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி முயலுங்கள், அப்புறம் மற்றதை. லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து பழக்கமில்லை, அல்லது வாரண்டி இருக்கிறது என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

## முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்குங்கள். அவ்வளவுதான்.

## வைஃபை கேட்கிறது, பட்டியலில் வைஃபையே இல்லை

டிரைவர் இல்லை. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் வயரில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்கில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்குங்கள். லேப்டாப்புக்கு அது லேன் கேபிள் மாதிரிதான். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது நடக்காது, வயரை மாற்றிப் பாருங்கள். இணையத்தைத் தாண்டிப் போகச் சுற்றி வரும் குறுக்கு வழிக் கட்டளைகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது, அதில் நேரம் போக்க வேண்டாம்.

உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று தடவை ஓடவிடுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று இருக்கும். சத்தம் வராதது, டச்பேட் முரண்டு பிடிப்பது, எழுத்தெல்லாம் பூதாகாரமாகத் தெரிவது எல்லாம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

## ஆக்டிவேட் ஆகவில்லை

ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்த கணினி என்றால் சாவி (புராடக்ட் கீ) கேட்கும் இடத்தில் "என்னிடம் சாவி இல்லை" என்பதைத் தேர்ந்து தாண்டிப் போங்கள். இணையம் வந்ததும் தானே ஆகிவிடும். ஆகவில்லையா? ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் புரோ பதிப்பு போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். இதுதான் அடிக்கடி நடப்பது. விண்டோஸ் 7, 8 சாவிகளை வைத்துப் புதியதை ஆக்டிவேட் செய்யும் வழி 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. மதர்போர்டு மாற்றியிருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்தப் போர்டோடு ஒட்டியது, போர்டு போனால் அதுவும் போகும். கொசுறு விலைக்குக் கிடைக்கும் சாவி இன்று வேலை செய்து நாளை நின்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

## பழைய தமிழ்க் கோப்புகள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன

வெளியில் யாரும் சொல்லாத கோளாறு இது, நம் ஆட்களுக்கு மட்டும் வருவது. எங்கள் பெரியப்பா குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைப் பன்னிரண்டு வருடமாகத் தமிழில் அடித்து வைத்திருக்கிறார். கோப்புகள் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்துத்தான் நான் புது விண்டோஸ் போட்டேன். திறந்தால் "தமிழ்" என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு அது. ஃபார்மேட்டில் எழுத்துரு போய்விட்டது, அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. வேர்டில் அந்த வரியில் கர்சரை வைத்தால், எழுத்துரு இல்லாவிட்டாலும் மேலே பெட்டியில் அதன் பெயர் தெரியும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எடுத்து வைத்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் தேடி, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். அவகாசம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுமுறை) மாற்றிவிடலாம், மூலக் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம்.

எழுத்து தமிழாகவே தெரிகிறது, ஆனால் உருவமும் வரி நீளமும் மாறி, பக்கக் கணக்கு தள்ளிப் போகிறது என்றால் அது யூனிகோடு கோப்பு, லதா என்ற எழுத்துருவில் அடித்தது. லதா இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குப் போய்த் தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் வந்துவிடும். தட்டச்சுக்கு மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேருங்கள். தமிழ் 99, அஞ்சல், ஒலிபெயர்ப்பு மூன்றுமே உள்ளே இருக்கின்றன. சும்மா "தமிழ்" என்று மட்டும் போட்டிருப்பது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. அதைத் தேர்ந்துவிட்டு எழுத்து மாறி மாறி விழுகிறது என்று திட்டுபவர்களே அதிகம்.

பெரியப்பா விஷயத்தில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்க நானே மறந்திருந்தேன். சங்கத்தின் முந்தைய செயலாளர் வீட்டுக் கணினியில் அதே எழுத்துரு இருந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்ஸ்டால் செய்து, வேர்டை மூடித் திறந்தேன். முதல் பக்கம் முழுக்கத் தமிழாக வந்து நின்றது. பெரியப்பா கிட்டே குனிந்து, மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இங்க ஒரு ஒற்று விட்டுப் போச்சு பாரு" என்றார்.